ஏழாம் குகையின் கொடைப்பெட்டி

காலை ஆறு மணிக்குச் சுவர் பேசியது.

"ஏழாம் குகைவாசிகளுக்கு வணக்கம். இன்று காற்றின் தரம் ஐம்பத்தைந்து. நேற்றைவிட இரண்டு குறைவு. உறை பிரிக்காத பிளாட்டின நாணயம் ஒன்றின் விலை நாற்பத்தோராயிரம் அலகு. நேற்றைவிட மூவாயிரம் கூடுதல்."

வைரவநாதன் படுத்தபடியே சிரித்துக்கொண்டார். பக்கத்தில் அவர் மனைவி மரகதவல்லி இருமிக்கொண்டிருந்தாள். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்.

நிலவின் தரைக்கு அடியில் இருந்தது அந்தக் குகை. நாற்பது வீடுகளுக்கும் சேர்த்து ஒரே மூச்சுப்பொறி. விட்ட மூச்சை அது மீண்டும் இழுக்கத் தக்க காற்றாக மாற்றும். அதன் நெஞ்சுக்குள் இருந்த பிளாட்டின வலை ஆண்டுதோறும் தேய்ந்துகொண்டே வந்தது. பூமியிலிருந்து கப்பல் வருவது நின்று பதினோரு ஆண்டுகள் ஆகிவிட்டன. பிளாட்டினம் என்று மிஞ்சியிருந்தது, முன்னோரும் கப்பல்காரர்களும் கொண்டுவந்த நினைவு நாணயங்கள்தாம். கண்ணாடி உறைக்குள் பத்திரமாக இருக்கும்வரை அவற்றுக்கு மதிப்பு. உறையை உடைத்தால் விலை ஐந்தில் ஒன்று. வலை தேயத் தேயக் காற்று கெட்டது, காற்று கெடக் கெட நாணயம் ஏறியது. தொண்டை கரகரத்தால் கை தானாகப் பெட்டகத்தைத் தடவிப் பார்க்கும் பழக்கம் குகையில் எல்லோருக்கும் வந்துவிட்டது.

குகையில் நாணயம் வாங்கி விற்கும் தரகர் வைரவநாதன் ஒருவர்தான்.

"ஏங்க, இன்னிக்குக் கொடை நாளாமே?" என்றாள் மரகதவல்லி. நான்கு வார்த்தை பேசுவதற்குள் இரண்டு முறை மூச்சு வாங்கியது. உதடு நீலம் பாரித்திருந்தது.

காற்று ஐம்பத்தைந்தைத் தொட்டால் கொடை நாள். குகையை அமைத்த அறிஞர்கள் எழுதி வைத்த சட்டம் அது. வீட்டுக்கு ஒரு நாணயம். ஒவ்வொருவராகத் தனியே பொறியறைக்குள் போய்க் கொடைப்பெட்டியின் வாயில் போட்டுவிட்டு வர வேண்டும். பொறியே உறையை நொறுக்கி, உருக்கி, வலையின்மேல் பூசிக்கொள்ளும். யார் எதைக் கொடுத்தார் என்று யாருக்கும் தெரியாது. கொடுப்பவரின் மானம் காக்க வேண்டுமே!

"பதினாலு நல்ல காசு விழுந்தாப் போதும் அண்ணாச்சி, இன்னும் இருபது வருசம் ஓடும்" என்று முந்தின நாளே சொல்லியிருந்தார், பொறியைப் பராமரிக்கும் சூசைமாணிக்கம். "நாப்பது விழப்போவுது. மதினி இருமல் பத்து நாளுல நின்னுரும் பாருங்க."

வைரவநாதன் பெட்டகத்தைத் திறந்தார். ஆறு நாணயங்கள் ஒரு வரிசையில் இருந்தன. ஏழாவது மட்டும் தள்ளி, துணிக்கு அடியில் கிடந்தது. அவர் கை துணிக்கு அடியில் போனது.

"நல்லதாப் பாத்துப் போடுங்க" என்றாள் மரகதவல்லி, படுக்கையிலிருந்து.

"பின்னே?" என்றார்.

அந்த ஏழாவதைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். கடைசிக் கப்பலின் மாலுமி ஒருவனிடம் அவர் மலிவாக ஒரு மூட்டை நாணயம் வாங்கினார். வீட்டுக்கு வந்து எடை போட்டால் அதில் நாற்பது இலேசாக இருந்தன. ஈயத்தின்மேல் பூச்சு. வயிற்றெரிச்சல் தாங்காமல் இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் தெளிந்துவிட்டார். இரண்டு நல்லதோடு ஒன்றைச் சேர்த்து, மூன்றாக வாங்கினால் தள்ளுபடி என்று வீட்டுக்கு வீடு விற்றார். முப்பத்தொன்பது போயிற்று. வாங்கியவர்களும் பிற்பாடு எடை போட்டுப் பார்த்திருப்பார்கள். ஆனால் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. தன் வீட்டில் போலி இருக்கிறது என்று சொன்னால், மற்ற இரண்டின் விலையும் அல்லவா விழும்!

பொறியறையில் தனியாக நின்றபோது அவர் கை ஒரு கணம் தயங்கத்தான் செய்தது. நாற்பதில் ஒன்று, கடலில் கரைத்த பெருங்காயம் என்று நினைத்துக்கொண்டார். போட்டுவிட்டார்.

மாலை நான்கு மணிக்குப் பொறியின் முனகல் நின்றது. பிறந்தது முதல் கேட்ட ஓசை நின்றதும் குகை முழுவதும் வாசலுக்கு வந்துவிட்டது.

வைரவநாதன் ஓடினார். சூசைமாணிக்கம் பொறியைத் திறந்து போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்திருந்தார்.

"ஈயம் அண்ணாச்சி. நாப்பதும் ஈயம்."

"நாப்பதுமா?"

"ஒண்ணாவது நல்லதா இருக்காதான்னு கசடைக் கிளறிக் கிளறிப் பாத்துட்டேன்." அவர் நிமிரவே இல்லை. நாற்பது வீடுகளில் அவருடையதும் ஒன்று.

வைரவநாதன் வீட்டுக்குப் பாய்ந்து, ஆறு நாணயங்களையும் அள்ளிக்கொண்டு திரும்பி வந்தார். வரும் வழியிலேயே உறைகளைச் சுவரில் அடித்து உடைத்தார். கை கிழிந்து ரத்தம் வந்தது.

"இந்தா, இதப் போடு. எல்லாம் அசல். சத்தியமா அசல்!"

"எதுல போட? ஈயம் பட்டா அந்த வலை செத்துரும். இனி மலையாக் கொட்டுனாலும் உசுரு வராது. புது வலை பூமியிலதான் நெய்யணும்." சூசைமாணிக்கம் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சேமிப்புத் தொட்டியில இருக்கிற காத்து பதினெட்டு நாளைக்கு வரும். மதினி மாதிரி நெஞ்சு பலகீனமானவங்களுக்கு..."

சட்டம் எழுதிய அறிஞர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. காற்றைப் பற்றி அவர்களுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. பூமியில் ஏதாவது ஒரு கோயிலில் உண்டியல் எண்ணுபவரிடம் போய், கிழிந்த நோட்டும் செல்லாக் காசும் எங்கே வந்து சேரும் என்று கேட்கத்தான் தோன்றவில்லை.

வைரவநாதன் வீடு திரும்பியபோது சுவர் மறுபடியும் பேசிக்கொண்டிருந்தது. "காற்றின் தரம் நாற்பத்து நான்கு. உறை பிரிக்காத நாணயம் ஒன்றின் விலை இரண்டு லட்சம். இதுவரை காணாத உயர்வு." எதிர்வீட்டுக்காரர் வாசலில் நின்று, "அண்ணாச்சி, கையில சரக்கு இருக்கா? வாங்கிக்கிறேன்" என்று கேட்டார். வைரவநாதன் உள்ளே போனார்.

மரகதவல்லி கண்ணைத் திறந்தாள். அவளுக்கும் செய்தி வந்துவிட்டிருந்தது. அவர் கையில் ரத்தத்தைப் பார்த்து, முந்தானையை எடுத்துச் சுற்றினாள்.

"அழாதீங்க" என்றாள், மூச்சை விட்டு விட்டு. "எந்தப் பாவி போட்டானோ. நாம நல்லதத்தான போட்டோம்... எனக்கு அது போதும்."

வைரவநாதன் ஆமாம் என்று தலையை ஆட்டினார்.