பேப்பர் இல்லாத ஆபீஸ்

கம்ப்யூட்டர் தேர்வில் இன்னும் பதினோரு நொடி. கடைசிக் கேள்வி. அவள் விரல்கள் கீபோர்டில் தடதடத்தன. 'மேலதிகாரி தவறு செய்தால் என்ன செய்வீர்கள்?' ஐந்து... நான்கு... மூன்றாவது விடையைத் தட்டிவிட்டு நாற்காலியில் சாய்ந்தபோது சுவருக்கு அந்தப் பக்கம் சத்தம் மறுபடி கேட்டது.

க்ர்ரீச். டக்.

காகிதம் வெட்டும் கத்தி. நீளக் கைப்பிடியை ஏற்றி இறக்குகிற பழைய ரகம். கல்லூரி வாசல் ஜெராக்ஸ் கடையில் நாள் முழுக்கக் கேட்ட சத்தம் அது, அவளுக்குத் தப்பாது. ஆனால் வரவேற்பறைப் பெண் காலையில் பெருமையடித்தாளே: "இங்க எல்லாமே கம்ப்யூட்டர்தாங்க. பேப்பரே கிடையாது. உங்க ஃபைலை நீங்களே வெச்சு விசிறிக்கங்க."

பேப்பரே இல்லாத ஆபீசில் எதை வெட்டுகிறார்கள்?

இன்டர்வியூ அறைக் கதவு திறந்தது. அவளுக்கு முன் உள்ளே போன நீல டைக்காரன் வெளியே வந்தான். முகமெல்லாம் ஈரம். கழுத்தில் டை இல்லை. "எனக்கு இந்த வேலையே வேணாம்," என்று யாரிடமோ சொல்லிக்கொண்டு படிக்கட்டை நோக்கி ஓடினான்.

"அடுத்து நீங்கதான், வாங்கம்மா," உள்ளேயிருந்து ஒரு குரல்.

உள்ளே ஜன்னல் பட்டைகள் வழியாக நடுப்பகல் வெயில் வரிவரியாகத் தரையில் கிடந்தது. ஃபினாயில் நெடிக்கு அடியில், துருப்பிடித்த ஆணியை வாயில் கவ்வியதுபோல ஒரு வாடை லேசாக மிதந்தது. இடது பக்கம் வெறும் பிளைவுட் தடுப்பு, அதில் ஒரு சின்னக் கதவு, கதவுக்கு அடியிலிருந்த இடைவெளியில் யாருடையவோ கால் நிழல்கள் அவசரமில்லாமல் நகர்ந்தன. மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி புதினா மிட்டாயைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு சிரித்தார்.

"என்னங்க, பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்கீங்க? நான் அவ்வளவு மோசமாவா இருக்கேன்?"

அவளும் சிரித்துவைத்தாள். இது பதினாலாவது இன்டர்வியூ. பதிமூன்று இடத்திலும் ஒரே பல்லவி: அனுபவம் இல்லை. வேலை கொடுக்காமல் அனுபவம் எங்கிருந்து வரும்? அதனால் எல்லோரும் செய்வதை அவளும் செய்திருந்தாள். இல்லாத ஒரு கம்பெனி. அதில் மூன்று வருஷம். விசாரித்தால் போனில் பேச ஒரு மேனேஜர் மேடம்.

"உங்க ரெஃபரென்ஸ் மேடத்துகிட்ட நேத்து பேசினோம். உங்களை அப்படிப் புகழ்றாங்க! மத்தவங்க போனோட விட்டுடுவாங்க. நாங்க நேர்ல வரவழைச்சுக் கேப்போம். பக்கத்து ரூம்லதான் இருக்காங்க."

அவள் கண் பிளைவுட் தடுப்பின் பக்கம் போனது.

"உங்ககிட்ட கேக்கிற கேள்வியையே அவங்ககிட்டயும் கேப்போம். ரெண்டும் பொருந்தணும், அவ்வளவுதான். நடுவுல எப்ப வேணாலும் 'எல்லாம் பொய்'னு ஒரு வார்த்தை சொல்லுங்க. உடனே நிறுத்திடுவோம். நீங்களும் போகலாம், அவங்களும் போகலாம். வேலை மட்டும் கிடையாது." இன்டர்காமை எடுத்தார். "எத்தனை வருஷம் வேலை பார்த்தீங்க?"

"மூணு."

காதில் வைத்துக் கேட்டார். "பொருந்துது."

மூச்சு வந்தது. இதெல்லாம் ஒத்திகை பார்த்ததுதான்.

"உங்க ஆபீஸ் எத்தனாவது மாடி?"

இதைப் பேசிவைக்கவில்லை. நல்ல பெண், பொறுப்பான பெண் என்று புகழ்வதற்குத்தான் மேடத்தைத் தயார் செய்திருந்தாள். மாடியையும் ஜன்னலையும் யார் யோசித்தார்கள்?

"ரெண்டாவது."

"பொருந்தல," என்றார், வருத்தத்தோடு.

க்ர்ரீச். டக்.

தடுப்புக்குப் பின்னால் ஒரு அலறல் எழுந்து, துணியால் அமுக்கப்பட்டு அடங்கியது. அதற்குள் அதிலிருந்து ஒரு சொல் பிதுங்கி வெளியே விழுந்தது. அவள் காதில் விழுந்தது. விழாததுபோல உட்கார்ந்திருந்தாள்.

"சார்... அது..."

"பொய்யா?"

மேசைமேல் அந்த ஆபீசின் ஒரே தாள் இருந்தது. வேலை நியமன உத்தரவு. அதில் அவள் பெயர் ஏற்கெனவே அச்சாகியிருந்தது.

"இல்ல சார். உண்மைதான்."

"மேடத்தோட சீட் ஜன்னல் பக்கமா, கதவுப் பக்கமா?"

"ஜன்னல்."

க்ர்ரீச். டக்.

"வாட்ச்மேனுக்கு மீசை உண்டா?"

"உண்டு."

டக்.

"எத்தனை பேர் வேலை பார்த்தீங்க?"

"ஒன்பது." உடனே திருத்தினாள். "பத்து. பத்து சார்."

டக்.

கதவுக்கு அடியில் சிவப்பாக ஒரு கோடு. மெதுவாக. வெயில் பட்டையைத் தொட்டது. பளபளத்தது. அவள் கால்களை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டாள்.

ஒரு வார்த்தை. ஒரே வார்த்தை போதும்.

"கடைசிக் கேள்வி. இந்த மேடத்துக்கும் உங்களுக்கும் ஏதாவது சொந்தம்?"

ஏசி உறுமியது. உள்ளே யாரோ விம்மினார்கள்.

"இல்ல சார்."

அதிகாரி வெகுநேரம் காதில் வைத்திருந்தார். பிறகு முகம் மலர்ந்தது. "அவங்களும் இல்லைங்கறாங்க! பொருந்துது. வேலை உங்களுக்குத்தான்மா."

க்ர்ரீச். டக்.

"சார்! பொருந்திச்சுன்னு சொன்னீங்களே!"

"அட, பயப்படாதீங்க. உத்தரவுல ரெஃபரென்ஸ் கையெழுத்து வேணும். அவங்களால இனிமே பேனா பிடிக்க முடியாதில்ல? கைநாட்டு வாங்கிக்கறோம்."

சின்னக் கதவு திறந்தது. பியூன் ஒரு எவர்சில்வர் தட்டைக் கொண்டுவந்து வைத்தான். அதிகாரி அதிலிருந்ததை இரண்டு விரலால் எடுத்தார். மைப்பெட்டியில் ஒற்றினார். தாளின் மூலைக்குக் கொண்டுபோனார்.

கட்டைவிரல். நகத்துக்குப் பக்கத்தில் ஒரு கொப்புளம்.

விடியற்காலையில் அவளுடைய இன்டர்வியூ சட்டையின் காலரைத் தேய்க்கும்போது இஸ்திரிப் பெட்டியில் சுட்டுக்கொண்டது. "ஒண்ணுமில்லடி, நீ போய்க் குளி. எனக்கும் இன்னிக்கு ஒரு வேலை இருக்கு," என்று கண்ணடித்துவிட்டு, அவளுக்கு முன்னால் வீட்டைவிட்டுக் கிளம்பிப் போனவளின் விரல்.

முதல் அலறலில் பிதுங்கி விழுந்த சொல் 'சுண்டெலி'. உலகத்தில் அவளை அப்படிக் கூப்பிட ஒரே ஒருத்திதான். அவளுடைய அக்கா.

அதிகாரி அழுத்தினார். கொப்புளம் உடைந்து, மையோடு ஒரு சொட்டு நீர் அவள் பெயரின்மேல் பரவியது.