குத்தாத மூக்கில் ஒற்றைக் கல்

சரியாக மூன்று மணி நேரம், பத்து நிமிடம்.

அவ்வளவுதான் மிச்சம்!

ஆறு மணிக்கு அந்தப் படம் சபையின் வாட்சப் குரூப்பில் விழும். நூற்று நாற்பது பேர். பாஸ்டர், அவர் மனைவி, ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள்...

எவலினின் கைப்பேசி மேசைமேல் கிடந்தது. ஒரு பக்கம் அவள் அம்மா அற்புதம்மாள். மறுபக்கம் சிநேகிதி சசிரேகா, எவலினின் கையை இறுகப் பிடித்தபடி. எதிரே சார்ஜன் திலகா. அந்தப் போலீஸ் நிலையத்தில் தமிழ் பேசும் ஒரே ஆள்.

ஜன்னலில் பனி அப்பியிருந்தது. தேயிலை மலை தெரியவில்லை.

"படத்த இன்னொரு தடவ காட்டுங்க."

எவலின் கண்ணை மூடிக்கொண்டு காட்டினாள்.

உடம்பு யாருடையதோ. முகம் அவளுடையது. சிரிக்கிற முகம்!

"இது என் புள்ள இல்ல!" அற்புதம்மாள் மேசையைத் தட்டினாள். "மூக்கப் பாருங்க சார்ஜன்! மூக்குத்தி! எங்க சபையில பொம்பளைங்க நகையே போட மாட்டோம். என் மக மூக்கு குத்துனதே இல்ல. வந்து தொட்டுப் பாருங்க!"

திலகா நிஜமாகவே எட்டிப் பார்த்தாள். துளை இல்லை.

சசிரேகாவும் படத்தின்மேல் குனிந்தாள். அப்போதுதான் முதல் முறை பார்ப்பதுபோல...

"ஏஐ-ல செஞ்ச படம்லா, ஆன்ட்டி. அது இஷ்டத்துக்கு எதையாச்சும் சேத்துடும். ஆறு வெரல் வைக்கும். மூக்குத்தி வைக்கும்."

"அப்ப பொய்னு எல்லாருக்கும் தெரிஞ்சிடும்ல?"

"அந்தப் படத்துல யாரு ஆன்ட்டி மூக்கப் பாப்பாங்க?"



"எத்தன மெசேஜ் வந்துச்சு?" என்றாள் திலகா.

"மூணு..." என்றாள் எவலின். "மூணுலயும் படம். மூணும் வேற வேற நம்பர்."

"என்ன வேணுமாம்?"

"மலைய விட்டு எறங்கிப் போயிடணுமாம்."

திலகா பேனாவை மூடினாள். நல்ல அறிகுறி இல்லை!

"சட்டம் இருக்கு எவலின். ஐந்நூத்தி ஏழு ஏ. பின்னாடியே வந்து தொல்ல கொடுத்தா மூணு வருஷம் வரைக்கும் உள்ள போடலாம். ஆனா ஒரே ஆளு, கொறஞ்சது ரெண்டு தடவ செஞ்சிருக்கணும். இங்க மூணு நம்பரு. மூணும் ஒரே ஆளுன்னு நான் எப்படி எழுதறது?"

"நம்பரு யாருதுன்னு கண்டுபிடிங்க!" என்றாள் அற்புதம்மாள்.

"கேட்டிருக்கேன்மா. பதில் வர ரெண்டு வாரம் ஆகும்."

"ரெண்டு வாரமா! இங்க மணி மூணாவப் போவுது!"

"கிட்டவே வரக்கூடாதுன்னு கோர்ட்டுல ஆர்டர்கூட வாங்கலாம். யாரு வரக்கூடாதுன்னு பேரு எழுதணும். படத்துக்கு வேற சட்டம் இருக்கு. அதுக்கு ஒரு தடவையே போதும். ஆனா ஆறு மணிக்குள்ள யாரு கையப் புடிச்சி நிறுத்தறது? சொல்லுங்க."

எல்லாச் சட்டமும் இருந்தது.

பெயர் எழுதும் இடம் மட்டும் காலி!

எவலினுக்கு ஒரு விஷயம் தெரியும். இருபத்தோரு மணி நேரமாகத் தெரியும். முதல் படத்தைப் பார்த்த அந்த நொடியிலிருந்து...

சொன்னால் அவளுக்கென்று மிச்சம் யார் இருப்பார்கள்?

சொல்லவில்லை.

"ரொம்பக் குளிருது. எல்லாருக்கும் டீ வாங்கியாரேன்." சசிரேகா எழுந்து வெளியே போனாள்.

"தங்கமான புள்ள சார்ஜன்," அற்புதம்மாள் மூக்கை உறிஞ்சினாள். "டீ பேக்டரியில ருசி பாக்குற டேஸ்டர் வேலைக்கு ரெண்டு பேரும்தான் எழுதுனாங்க. எவலினுக்குக் கெடச்சிருச்சு. திங்கக்கிழம சேரணும். இவ போகலன்னா அடுத்தது சசிதான். கொஞ்சமாவது பொறாம இருக்கணுமே? எப்படித் தொணைக்கு வந்திருக்கா பாருங்க!"

ட்ரிங்!

மூவரும் அதிர்ந்தார்கள். நான்காவது நம்பர். இந்த முறை படம் இல்லை. எழுத்து மட்டும்.

'போலீஸ்ல போய் உக்காந்துட்டியா? சரி. ஆறு மணி இல்ல. இனிமே அஞ்சு!'

ஒரு மணி நேரம் ஒரே வரியில் போயிற்று.

அற்புதம்மாள் ஜன்னலுக்கு ஓடி, கண்ணாடியைத் துடைத்தாள்.

"அந்தா! லோரி நிக்குது! யுவனேஸ்வரன் லோரி! தேயிலைக் கொழுந்து ஏத்தறவன் சார்ஜன். பொண்ணு கேட்டு வந்தான், நாங்க குடுக்கல. அவன்தான்! இங்கதான் நின்னு பாக்குறான்!"

"என்னாச்சு ஆன்ட்டி?"

சசிரேகா வாசலில் நின்றாள். கையில் பிளாஸ்டிக் பையில் ஊற்றிக் கட்டிய நான்கு சூடான டீப் பொட்டலங்கள். மெசேஜைப் படித்தாள். வாயைப் பொத்திக்கொண்டாள்.

"யுவனேஸா? ஐயோ... ஆமா சார்ஜன். இவ பின்னாடியேதான் சுத்துவான். நானே பாத்துருக்கேன். எழுதிக்குங்க!"

பேனா மறுபடி திறந்தது.

"முழுப் பேரு என்ன?"

"யுவனேஸ்வரன்..."

முதல் எழுத்து தாளில் விழுந்தது.

"எழுதாதீங்க!"

எவலின்தான். அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது.

"மூணு படத்துலயும் அந்தக் கல்லு ஒரே எடத்துல இருக்கு சார்ஜன். ஏஐ சும்மா சேத்திருந்தா மூணு தடவயும் அங்கயே வராது. அசல் படத்துலயே அது இருந்திருக்கு. அந்த ஒரு படத்த வச்சுத்தான் மூணும் செஞ்சது. மூணு நம்பரும் ஒரே ஆளு."

திலகா நிமிர்ந்தாள். "குத்தாத மூக்குல ஏது கல்லு?"

"ஒட்டற மூக்குத்தி." எவலின் அம்மாவைப் பார்க்கவில்லை. "மன்னிச்சிரும்மா. ரெண்டே நிமிஷம். ஒரு நிச்சயதார்த்த வீட்டுல, ரூம் கதவ சாத்திட்டு. ஆசையா இருந்துச்சு. ஒட்டிவிட்டவங்க அவங்க போன்ல ஒரே ஒரு படம் எடுத்தாங்க. எனக்குக்கூட அனுப்பல."

"எவ்வி..." சசிரேகாவின் மூக்கில் அவளுடைய சொந்தக் கல் மின்னியது. சின்ன வயதிலிருந்து போட்டிருப்பது. அது இல்லாத முகம்தான் அவள் கண்ணுக்கு விசித்திரம்; இருக்கிற முகம் உறுத்தவே உறுத்தாது. "என்ன உளர்ற நீ?"

ஒரு பொட்டலம் கைநழுவிச் சிமெண்டுத் தரையில் வெடித்தது.

"யாரு போன் அது?" என்றாள் திலகா.

எவலின் பர்ஸைத் திறந்தாள். கடுகளவு கல் ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"அந்தப் படத்துல எல்லாமே பொய் சார்ஜன். இது ஒண்ணுதான் நிஜம்."

பிறகு மெல்லத் திரும்பினாள்.

"இந்தா சசி, உன் மூக்குத்தி. நிச்சயத்தன்னிக்கே குடுத்திருக்கணும்... மறந்துட்டேன்லா!"