எட்டாம் நாள் முளைத்த பிரேக்

தம்பிக்கு மதியச் சாப்பாடு எடுத்துக்கொண்டு அவனுடைய சைக்கிள் பழுதுபார்க்கும் கடைக்குப் போனாள் அக்கா. ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. குனிந்து உள்ளே நுழைந்தாள். அவன் இல்லை. பட்டப்பகலிலும் உள்ளே இருட்டு, கிரீஸ் வாடை.

கண் பழகியதும் தாங்கியில் தொங்கிய பச்சை சைக்கிள் தெரிந்தது. 

அவள் கணவரைக் கொன்ற சைக்கிள் அது.

தெருவைக் கடந்துகொண்டிருந்தவர் மேல் வந்து மோதியது. மைதானத்தில் ஓட்டும் பந்தய சைக்கிள், பிரேக்கே கிடையாது என்றார்கள் கண்ணால் பார்த்தவர்கள். எட்டாம் நாள் போலீஸ் சோதித்தபோது முன்சக்கரத்தில் அம்சமாக ஒரு பிரேக் இருந்தது. ஓட்டியவன் மேல் குற்றமில்லை, நடந்தவர்தான் கவனமில்லாமல் குறுக்கே வந்தார் என்று போன வாரம் தீர்ப்பாகிவிட்டது. சைக்கிளையும் போலீஸ் அப்படியே ஓட்டியவனிடம் திருப்பிக் கொடுத்துவிட்டது. செத்தவரைக் கூண்டில் ஏற்றிக் கேட்க முடியாதது எவ்வளவு வசதி! அன்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு தேம்பியவன் இந்தத் தம்பிதான். மேல்முறையீட்டுக்கு வக்கீல் ஒரே ஒரு ஆதாரம் கேட்டிருந்தார்.

சக்கரம் மெல்லச் சுழன்றது.

காற்றே இல்லை.

கைப்பிடியில் பிரேக் தானாக அழுந்தியது. சக்கரம் நின்றது. மறுபடி சுழன்றது. மறுபடி அழுந்தியது.

யாரோ பொறுமையாக எதையோ காட்டினார்கள்.

"யாரு?" என்றாள், சைக்கிளைப் பார்த்தபடி.

பிடரியில் ஜில்லென்று மூச்சு பட்டது. சவரச் சோப்பின் மணம். அவருடைய மணம்தான். குனிந்து பார்த்தாள்.

பிரேக் கம்பியின் நுனியில், ஜிகினா கலந்த கருஞ்சிவப்பு நெயில் பாலிஷ்.

கம்பியின் இழைகள் பிரியாமலிருக்க நுனியில் ஒரு சொட்டு வைப்பது தம்பியின் வழக்கம். இந்த நிறப் பாட்டில் அவள் கொடுத்தது. கணவர் கடைசியாக வாங்கித் தந்ததைக் கண்ணால் பார்க்கவே பிடிக்காமல், அவர் போன மூன்றாம் நாள், மூடிகூடத் திறக்காமல் இவனிடம் கொடுத்திருந்தாள்.

அப்படியானால் பிரேக்கை மாட்டியது அதற்குப் பிறகு. மாட்டியவன் கூடப்பிறந்தவன்.

ஷட்டர் கிறீச்சிட்டது. தம்பி நின்றான்.

"எப்படா மாட்டினே?"

அவன் முகம் வெளிறியது. "அக்கா... ஓட்டினவன் என் சிநேகிதன். ஜெயிலுக்குப் போயிடுவேன்னு கால்ல விழுந்தான். மாமா எப்படியும் திரும்பி வரப்போறதில்லையேன்னு..."

"என் பக்கத்துலயே உக்காந்து அழுதியேடா, பாவி!"

நம்ப வைத்துக் கழுத்தறுத்துவிட்டான்.  வாசலுக்கு நகர்ந்து, வக்கீலுக்குப் போன் போட்டாள்.

அவன் சட்டென்று கட்டரை எடுத்துக் கம்பியை நறுக்கப் பாய்ந்தான்.

கை பாதியில் நின்றது.

"விடுக்கா! வலிக்குது!"

அவள் பத்தடி தள்ளி நின்றிருந்தாள். அவன் மணிக்கட்டில் ஐந்து விரல்களின் பள்ளம் பதிந்து, ஆழமாகிக்கொண்டே போனது.

"விடாதீங்க" என்றாள் அவள், தம்பியைப் பார்க்காமல்.