இடப்பக்க எழுத்துகள்

"மூணாந்தரமும் கூப்பிட்டா என்னம்மா செய்யணும்?"

பேச்சித்தாயின் மகள் ஒருநாள் விளக்கேற்றும் நேரத்தில் கேட்ட கேள்வி அது. இருட்டிய பிறகு வாசலில் யாராவது பெயர் சொல்லி அழைத்தால் முதல் இரண்டு தடவையும் வாய் திறக்கக் கூடாது என்று அவள்தான் பிள்ளைக்குச் சொல்லி வைத்திருந்தாள். பேய் மூன்றாம் தரம் அழைக்காது. அதற்கு அவ்வளவு பொறுமை கிடையாது.

"கூப்பிட்டா மனுசன்னு அர்த்தம். போயி கதவத் தொறக்கணும்."

பிள்ளைக்கு அது போதவில்லை. "பேயிக்குப் பொறுமை வந்துட்டுன்னா?"

அன்றைக்குச் சிரித்துவிட்டாள். இன்று, புளியங்குடி சாலை நூல் மில்லின் கம்ப்யூட்டர் அறையில் தனியாக உட்கார்ந்து, வெளியே ஐப்பசி மழை தகரக் கூரையில் இரைவதையும் ஏ.சி.யின் முனகலையும் தூரத்தில் மாலை ஷிப்டின் ஸ்பிண்டில்கள் ஒரே சுதியில் ஓடுவதையும் கேட்டுக்கொண்டிருந்தவளுக்கு, அந்தக் கேள்வி திடீரென்று நினைவில் வந்து நின்றது. காரணம் உள்ளறையிலிருந்து வந்த ஒரு சின்னச் சத்தம். 'பீப்'.

உள்ளறையில் இருந்தது இரண்டாவது டெர்மினல். அறை பூட்டியிருந்தது. கணக்குப்பிள்ளை வெள்ளத்துரை அண்ணாச்சி பொழுது இருக்கும்போதே பூட்டி, சாவியை அவள் மேசையில் வைத்துவிட்டுப் போயிருந்தார்.

அவளுடைய திரையின் அடியில் ஒரு வரி எரிந்தது. இரண்டாம் டெர்மினலில் யாரோ நுழையப் பார்த்து, தப்பாக அடித்திருக்கிறார்கள். அடித்த பெயரும் கூடவே தெரிந்தது. ஏ, எஸ், ஆர். வெறும் மூன்று இங்கிலீஷ் எழுத்து. அப்படி ஒரு பெயர் மில்லில் யாருக்கும் இல்லை.

எலி ஓடியிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். எலி எப்படி எழுத்தடிக்கும் என்று அடுத்த நொடியே மனசு கேட்டது.

தப்பாக அடித்தால் இப்படி ஒரு வரி திரையில் வரும்படி முன்பே செய்து வைத்தவன் மன்சூர் அலி. புளியங்குடிக்காரன். இந்த மெஷின் வந்தபோது அதற்கு வேலை சொல்லிக்கொடுக்க வந்தவன். மூன்றாம் அழைப்புக் கதையை ஒருநாள் டீ குடிக்கும்போது அவள் சொல்ல, அவனுக்கு அது பிடித்துப்போயிற்று.

"நல்ல ரோசனையா இருக்கே அக்கா. இந்தப் பொட்டிக்கும் சொல்லிக் குடுத்துருவோம். பாஸ்வேர்டு தப்பா அடிச்சான்னா உடனே பதில் சொல்லாத, கொஞ்சம் ஊமையா இருன்னு. அடுத்த தடவை தப்புனா அதைவிட ரெண்டு மடங்கு நேரம் ஊமை. அதுக்கடுத்தாப்ல இன்னும் ரெண்டு மடங்கு. களவாணிப்பய எவ்வளவு நேரம்தான் குத்துக்கல்லு கணக்கா உக்காந்திருப்பான்?"

"பேயா இருந்தா?"

"பேயிக்கு இங்கிலீசு தெரியாதுக்கா."

பீப்.

மறுபடியும் அதே வரி. ஏ, எஸ், ஆர். இந்த முறை இடைவெளி கூடியிருந்தது. மெஷின் தன் வேலையைச் சரியாகச் செய்தது. அது தாமதிக்க, உள்ளே இருந்தது காத்திருந்திருக்கிறது.

அவள் கை கீபோர்டிலிருந்து விலகி மடிக்கு வந்தது. வலது கை. அதில் சுட்ட தழும்பு இன்னும் பளபளப்பாக இருக்கிறது. வடித்த கஞ்சி கொட்டிய கை. கட்டோடு வேலைக்கு வந்தவளை, அடிக்க முடியாதென்றால் வேறு ஆள் வைப்பார்கள் என்று எல்லோரும் சொன்னபோது, மன்சூர்தான் நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டான். "கோமதியம்மன் புத்துமண்ணப் பூசிக்கிட்டு நீங்க பாட்டுக்கு இடது கையால இந்தப் பக்கத்து எழுத்த அடிங்க. வலப்பக்கத்து எழுத்த நான் பாத்துக்கிடுதேன்." கட்டு அவிழ்கிறவரை ஒரு ஆளின் வேலையை இரண்டு பேர் செய்தார்கள். வெளியே ஒருவருக்கும் தெரியாது. அந்த நாட்களில்தான், தான் லீவு போட்டால் அவசரத்துக்கு ஆகட்டும் என்று, அவன் தன் பாஸ்வேர்டையும் அவளிடம் சொன்னான்.

வெள்ளத்துரைக்கு அது வேண்டியிருந்தது. அவர் எத்தனையோ முறை குத்துமதிப்பாக அடித்துப் பார்த்து, மெஷின் ஊமையாகி ஊமையாகிக் காக்கவைத்ததில் சலித்துப்போனவர். பிறகு அவளிடம் வந்தார். பிள்ளைக்கு ஒரு பொட்டலம் அல்வா கொண்டுவந்தார். "தாயி, மன்சூரு ஊருக்குப் போயிட்டான். மொதலாளிக்கு அவசரமா ஸ்டாக்கு சொல்லணும்." அவள் சொன்னாள். அப்பா மாதிரி இருந்தார், சொன்னாள். சரியான சொல்லை யார் அடித்தாலும் மெஷின் தாமதிக்காது. உடனே கதவைத் திறந்துவிடும்.

குடோனில் நூல் மூட்டைகள் குறைந்திருந்தன. கம்ப்யூட்டரில் கணக்குச் சரியாக இருந்தது. கணக்கை மாற்றியது மன்சூர் பெயரில் இருந்தது.

வேலையை விட்டுத் துரத்திய அன்று சாயங்காலம் மில் கேட்டில் நின்று அவன் கூப்பிட்டான்.

"பேச்சியக்கா. நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க."

அவள் ஜன்னலுக்கு உள்ளே நின்றாள். பக்கத்தில் வெள்ளத்துரை. "வாயத் தொறக்காத தாயி. உன் வேலையும் போயிரும். பொம்பளப் பிள்ளைய வச்சிருக்க."

"பேச்சியக்கா."

மூன்றாம் முறையும் கூப்பிட்டான். அவள் பதில் சொல்லவில்லை.

அப்படியே சைக்கிளில் போனவனை வழியில் லாரி அடித்தது. உடம்பைத் தூக்கினார்கள். வலது கையை மட்டும் ரோட்டிலிருந்து எடுக்க முடியவில்லை என்று பார்த்து வந்தவர்கள் சொன்னார்கள்.

பீப்.

மூன்றாவது.

"யாரு?" அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. திரையில் அதே வரி. பிறகு நெடிய ஊமை. இதோடு நின்றுவிடும், மனுசனாக இருந்தால் சலித்துப் போயிருப்பான், நின்றுவிடும் என்று அம்மனை நினைத்தபடி, மழையும் ஸ்பிண்டிலும் ஏ.சி.யும் இருக்கின்றன, வேறு எதுவும் இல்லை என்று தனக்கே சொல்லிக்கொண்டிருந்தாள். நின்றே விட்டது என்று அவள் நம்பத் தொடங்கிய நேரத்தில் மீண்டும் வந்தது.

பீப்.

வீட்டுக்குப் போய்விடலாம். எழுந்தாள். கம்ப்யூட்டர் அறைக்குள் யாரும் செருப்போடு வரமாட்டார்கள். தூசி ஆகாது என்பதும் காரணம், ஆயுத பூஜைக்குப் பொட்டு வைத்த பெட்டி என்பதும் காரணம். கதவைத் திறந்து தன் செருப்பைத் தேடிக் காலை நீட்டினாள்.

அவளுடைய ஜோடிக்குப் பக்கத்தில் ஒற்றைச் செருப்பு கிடந்தது. இடது கால். நனைந்திருந்தது. அறுந்த வார், நீல நூலால் தைத்திருந்தது. மில் நூல். மன்சூருக்குத் தைத்துக் கொடுத்தவள் அவள்தான். செருப்பின் முனை அறையைப் பார்த்து இருந்தது.

காலை இழுத்துக்கொண்டாள்.

பீப்.

ஏ. எஸ். ஆர்.

அப்போதுதான் புரிந்தது. கட்டுப் போட்டிருந்த நாட்களில் அவள் இடது கை தனியாக அடித்த எழுத்துகள் இவை. மன்சூர் என்ற பெயரை இங்கிலீஷில் அடித்தால் இடது கைப் பக்கம் இருக்கிறவை. மிச்சம் வலது கைக்கு உரியவை.

அந்தக் கை அதற்கு இல்லை.

அது இனியும் காத்திருக்கும். இரண்டு மடங்கு. அதிலும் இரண்டு மடங்கு. நாளை. ஆடி வரை. அவள் சாகும்வரை. அதற்குச் சலிக்காது.

சாவியை எடுத்தாள். உள்ளறை திறந்தது. இருட்டு. பச்சைத் திரை. ஈர மண் வாடை, அதற்கு அடியில் இரும்பு வாடை. நாற்காலி பின்னுக்கு இழுத்திருந்தது. யாரும் இல்லை.

இன்னொரு நாற்காலியை வலப்பக்கத்தில் போட்டாள். உட்கார்ந்தாள். இடது தோளில் சில்லென்று ஏதோ சாய்ந்தது.

எம் அடித்தாள்.

ஏ தானாக அமுங்கியது.

என். எஸ். அவள் ஓவை இரண்டு முறை அடித்தாள். ஆர்.

பாஸ்வேர்டும் அப்படியே, ஆளுக்குப் பாதி. மெஷின் தாமதிக்கவில்லை. திறந்தது.

நூல் கணக்கு வந்தது. மாற்றியவர் என்ற இடத்தில் இருந்த மன்சூரின் பெயரை அவள் ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள். வி அமுங்கியது. ஈ அமுங்கியது. பிறகு நின்றது. அவளுக்காக.

எல் அடித்தாள். மறுபடியும் எல்.

வெள்ளத்துரையின் பெயர் முழுசாக வந்தது. காலையில் முதலாளி முதலில் பார்க்கப்போகும் இடம். அவள் மூச்சு விட்டாள். கையை எடுக்கப்போனாள்.

தோளில் இருந்த கனம் போகவில்லை.

எழுத்து விழும் இடத்தைக் காட்டும் புள்ளி அடுத்த வரிக்கு இறங்கி, மின்னியபடி நின்றது. இடப்பக்கம் எதுவும் அமுங்கவில்லை. நெடுநேரம். அது காத்திருந்தது, பொறுமையாக, கேட்டில் நின்ற மாதிரியே.

வெள்ளத்துரைக்குப் பாஸ்வேர்டைச் சொல்லிக் கொடுத்தவளின் பெயர் பி-யில் தொடங்குகிறது. பி வலது கைப் பக்கம்.

வீட்டில் பிள்ளை விளக்கை ஏற்றியிருக்கும். பேச்சித்தாய் கண்ணை மூடிக்கொண்டாள். தழும்பேறிய விரலால் பி-யை அடித்தாள்.

ஈ உடனே அமுங்கியது.