வெறும் தட்டில் முளைத்தது

எதுவும் முளைக்கக் கூடாத தட்டில்தான் முளைத்திருந்தது.

ஆய்வகத்தில் மல மாதிரிகளைத் தடவிய பன்னிரண்டு வளர்ப்புத் தட்டுகளும் துடைத்துவிட்டதுபோல் கிடக்க, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வெறும் சுத்த நீரை விட்டு மூடிவைத்த பதின்மூன்றாவதில் மட்டும் சாம்பல் நிறப் புள்ளிகள் விளிம்புவரை அப்பியிருந்தன. மூடியைத் திறந்ததும் காயாத துணியின் வாடையோடு இன்னொரு இனிப்பு வாடையும் மூக்கில் ஏறியது. இது மூன்றாவது தடவை. உயிரை வாங்குகிறதே சனியன் என்று தட்டை நகர்த்தி வைத்தாள்.

மனிதக் குடலில் வாழும் புது பாக்டீரியாக்களைப் பிரித்து இனம் காண்பது அவள் வேலை. இந்தத் தடவையும் சொதப்பினால் வேறு ஆளிடம் கொடுத்துவிடுவதாகப் பேராசிரியர் காலையிலேயே சொல்லிவிட்டார். "கை சுத்தமா இருந்தா இது ஏம்மா முளைக்குது?"

இத்தனைக்கும் அது புது இனம். மரபணுவைப் படித்துப் பார்த்தாயிற்று. உலகப் பட்டியலில் எதோடும் பொருந்தவில்லை. எங்கிருந்து வந்தது என்று தெரியாத புது இனத்தை வைத்துக்கொண்டு என்ன மண்ணாங்கட்டி செய்வது?

இப்படிக் கலப்படம் ஆனால், வேலை செய்பவர் தன் மாதிரியையே கொடுத்து ஒத்துப்பார்ப்பது அங்கே வழக்கம். வாரத் தொடக்கத்தில் தன்னுடையதைக் கொடுத்தவள், எப்போதும் மடியிலேயே கிடக்கும் இரண்டு வயது மகளுடையதையும் சேர்த்துக் கொடுத்திருந்தாள். முடிவு பிற்பகலில் வந்தது.

மகளின் குடலில் முந்நூற்றுப் பன்னிரண்டு இனங்கள். ஆரோக்கியமான பிள்ளை.

அவளுடையதில் ஒன்று.

நூற்றுக்கணக்கில் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றே ஒன்று. அந்தச் சாம்பல் நிறம். இயந்திரத்தைத் திட்டிக்கொண்டே மறுபடி ஓட்டினாள். ஒன்று. மூன்று நாளாகப் பசியே எடுக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. எரிச்சலில் சாப்பாடு இறங்கவில்லை என்றல்லவா நினைத்திருந்தாள். குளிர்பெட்டிகளின் முனகலுக்கு நடுவே வயிறு மெல்ல உறுமியது, கேட்டதற்குப் பதில் சொல்வதுபோல.

மகளுக்கு இன்னும் தொற்றவில்லை. தான் வீட்டுக்குப் போகக் கூடாது, அவ்வளவுதான். கணவனுக்குப் போன் போட்டாள். பாப்பாவைத் தூக்கிக்கொண்டு எங்காவது போய்விடுங்கள், நான் வந்தால் கதவைத் திறக்காதீர்கள் என்று சொல்ல வாயைத் திறந்தாள்.

"பாப்பாவுக்கு சாப்பாடு குடுத்துடாதீங்க," என்றது அவள் வாய். "நானே வந்து ஊட்டுறேன்."

"சரி, சீக்கிரம் வா," என்று அவன் வைத்துவிட்டான்.

நாற்காலியைப் பிடித்துக்கொள்ள நினைத்தாள். கை வரவில்லை. கால்கள் எழுந்தன. நடைவழி. படி. தெரு. நில், நில் என்று உள்ளே கத்தினாள். நிற்கவில்லை.

வீட்டு வாசல். சமையலறை. சூடான கஞ்சி.

"ஏன் அழற?" என்றான் கணவன். வாய் சிரித்தது.

கை ஒரு கரண்டி அள்ளியது. சூடு பார்ப்பதுபோல நாக்கு அதை ஒரு தடவை நக்கியது. இன்னொரு தடவை, நிதானமாக, அடிவரை.

மகள் ஆவென்று வாயைத் திறந்தாள்.