குளிர் அறைப் பாட்டில்கள்

விடைத்தாள் கட்டோடு தடயவியல் பேராசிரியர் மல்லுக்கட்டிக்கொண்டிருந்த மதியத்தில் ஓர் ஆராய்ச்சி மாணவி வந்து நின்றாள். அழுது முடித்த முகம். குரலில் மட்டும் பிசிறு இல்லை.

"சார், நான் பொய்யா முடிவு எழுதினேன்னு நாளைக்கு விசாரணைக் குழு தீர்ப்பு சொல்லப்போகுது. பட்டம் போயிடும். ஆனா அந்தத் தெருவுல மறுபடியும் கிணத்துத் தண்ணியக் குடிக்க ஆரம்பிச்சுட்டாங்க. அதுதான் தாங்கல."

பல்கலைக்கழகத்தின் பின்தெருவில் குழந்தைகளுக்கு ஓயாமல் வயிற்றுப்போக்கு. சமூகப்பணித் திட்டத்தில் போன மாணவி, கிணற்று நீரில் சாக்கடைக் கிருமிகளைக் கண்டுபிடித்தாள். வேதியியல் விரிவுரையாளரோ அதே கிணற்றைச் சுத்தமானது என்று சென்ற ஆண்டு அறிவித்து, பாராட்டு விழாவில் மாலையும் வாங்கியவர். சந்தேகம் தீர, அவள் பிடித்து, குளிர் அறையில் வைக்கக் கொடுத்திருந்த கூடுதல் பாட்டில்கள் சிலவற்றை விசாரணைக் குழு வெளி ஆய்வகத்துக்கு அனுப்பியது. மருந்துக்குக்கூட ஒரு கிருமி இல்லை.

"புதுசா எடுத்துப் பார்த்தா என்ன?" என்றார் பேராசிரியரின் உதவி விரிவுரையாளர். அவரை எல்லாரும் 'பரபரப்பு' என்றே அழைப்பார்கள்.

"நான் ஏதாவது கலந்துட்டேன்னு சொல்லுவாங்க."

"குளிர் அறைச் சாவி யார்கிட்ட இருக்கு?" என்றார் பேராசிரியர்.

"என் கைடு மேடம், எங்க நுண்ணுயிரியல் ஆய்வக உதவியாளர், வேதியியல் சார். எனக்கு உள்ள போகவே அனுமதி இல்ல."

மாணவியை வெளியே நிறுத்திவிட்டு இருவரும் குளிர் அறைக்குள் போனார்கள். குழு அனுப்பாத மிச்சப் பாட்டில்கள் அங்கேயே இருந்தன. ஒட்டியிருந்த சீட்டுகளில் அவளுடைய கையெழுத்துதான். பரபரப்பு அதிலேயே மூழ்கிவிட்டார். பேராசிரியர் ஒரு பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தார். மூடிவரை தண்ணீர், ஒரு குமிழிகூட ஓடவில்லை. அதை வேதியியல் துறைக்கு வெளியே ஓரிடத்துக்குச் சோதனைக்கு அனுப்பினார்.

மாலையில் சாவிக்காரர்கள் மூவரையும் ஆய்வகத்துக்கு வரவழைத்தார். மாணவியும் ஓரமாக நின்றாள்.

"பசங்களுக்கு வகுப்பு எடுக்கணும். கிருமிச் சோதனைக்கு எப்படித் தண்ணி பிடிக்கிறதுன்னு ஆளுக்கு ஒரு பாட்டில் பிடிச்சுக் காட்டுங்க."

மேடமும் உதவியாளரும் தண்ணீர் பாட்டிலின் கழுத்தைத் தொடுமுன்பே குழாயை மூடினார்கள். வேதியியல் விரிவுரையாளர் வழிய வழியப் பிடித்து, குமிழிகளைத் தட்டி வெளியேற்றி மூடினார்.

"என்ன சுத்தம் பாருங்க" என்று பரபரப்பு வியந்தார்.

"கிருமி தேடுறவங்க தண்ணியைக் குலுக்கணும். அதனால மேல காலியிடம் விடுவாங்க. இந்தப் பொண்ணுக்கும் அதுதான் கைப்பழக்கம்" என்றார் பேராசிரியர். "வேதியியல்காரங்களுக்குக் காத்து ஆகாது. தண்ணில கரைஞ்ச வாயுவோட அளவு மாறிடும்னு தளும்பத் தளும்ப நிரப்புவாங்க. குளிர் அறைல இருக்கிற பாட்டில்ல துளிக் காத்து இல்ல."

விரிவுரையாளரின் முகம் வெளிறியது. "பழக்கத்தை வச்சு என்னைக் குற்றவாளி ஆக்கிடுவீங்களா?"

"மாட்டேன். அதனாலதான் ஒண்ணைச் சோதிக்க அனுப்பினேன். கிணத்துத் தண்ணின்னா உப்பு இருக்கணும். அதுல உப்பே இல்ல. யாரோ கிணத்துத் தண்ணியக் கொட்டிட்டு, அதே பாட்டில்ல காய்ச்சி வடிச்ச தண்ணிய நிரப்பியிருக்காங்க. சாவி இல்லாத பொண்ணு அதை மாத்தியிருக்க முடியாது. இப்படி நிரப்புறவர் சாவி வச்சிருக்கிற மூணு பேர்ல நீங்க ஒருத்தர்தான்."

விரிவுரையாளர் முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். 

"உப்பும் உலோகமும் மட்டும்தான் பார்த்தேன். கிருமியப் பார்க்கவே இல்ல. அது வெளிய தெரிஞ்சா மானம் போயிடும்னு..."

பரபரப்புக்குக் கால் தரையில் நிற்கவில்லை. "வாம்மா, குழுத் தலைவர்கிட்ட போவோம். உன் பட்டத்தை இனிமே யாரும் தொட முடியாது."

"அதை நீங்க போய்ச் சொல்லுங்க சார்" என்ற மாணவி, விரிவுரையாளரின் முன்னால் போய் நின்றாள். உடம்பெல்லாம் கோபம் இருந்தும் குரல் உயரவில்லை.

"எந்திரிங்க சார். அந்தத் தெரு உங்க வார்த்தையைத்தான் நம்புது. இந்தத் தண்ணியக் குடிக்காதீங்கன்னு நீங்களே வீடு வீடா வந்து சொல்லணும். இப்பவே."

அவர் உதவிக்குப் பேராசிரியரைப் பார்த்தார். பேராசிரியர் கதவைத் திறந்துவிட்டார்.