கதவைச் சாத்திக்கோ

திருப்பதியில் அந்தப் பல்கலைக்கழகத்துக் கம்ப்யூட்டர் சென்டருக்கு ஹரிப்ரியா வேலைக்கு வந்து ஒரு மாசம்கூட ஆகவில்லை. காண்ட்ராக்ட் வேலை. நாளைச் சாயந்திரத்துக்குள் புது லினக்ஸ் சர்வர் ஓடணும், பரீட்சை ரிசல்ட் அதில் ஏறணும், இல்லாவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறோம் என்று டைரக்டர் தெலுங்கில் சொல்லிவிட்டுப் போய்விட்டார். எப்படி என்று சொல்லித்தர ஒரு ஆள் இல்லை. அதிகாரம் பண்ணுகிறவனுக்கு வேலை தெரியாது, எங்கேயும் அப்படித்தான்.

அன்றைக்குப் பூராவும் இன்டர்நெட்டில் தேடினாள். ஒருத்தன் செய் என்றதை இன்னொருத்தன் செய்யாதே என்றான். லினக்ஸ்காரர்கள் கூடுகிற ஒரு சாட் பக்கத்தில் தன் சந்தேகத்தை எழுதிப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் சர்வர் ரூமில் உட்கார்ந்தாள். ஜன்னல் இல்லாத அறை. வெளியே பங்குனி வெயில் கொளுத்த, உள்ளே மார்கழிக் குளிர். ஏசி இரைச்சல் காதை அடைத்தது. அந்தக் குளிரில் ஒரு வாசனை கலந்திருந்தது. கற்பூரம். யாரோ இப்போதுதான் அணைத்த மாதிரி.

மத்தியானம் சாட்டில் பதில் வந்தது. பேர் இல்லை.

"எந்த ஊரும்மா?"

"நகரி."

"நானும் அந்தப் பக்கந்தான். துன்னியா?"

சாப்பிட்டாயா என்று ஊர்ப்பேச்சில் கேட்ட அந்த ஒரு சொல் போதுமாயிருந்தது. ஆள் யாரென்று கேட்க அவளுக்குத் தோன்றவில்லை.

கமாண்ட் ஒவ்வொன்றாக வந்தது. அவள் படித்துப் பார்க்கவில்லை. காப்பி, பேஸ்ட், என்டர். கம்ப்யூட்டர்காரர்கள் பழக்கமே அதுதான். எவன் எழுதினது, என்ன செய்யும் என்று பார்க்கமாட்டார்கள், ஓடினால் சரி.

ஓடியது. மிஷின் நல்லபடியாக எழுந்து உட்கார்ந்தது.

"கதவைச் சாத்திக்கோ. ஏசி காத்து வீணாப் போய்க்கினு கீது."

சாத்தினாள்.

"செவுத்துல சிவப்புப் பொட்டி கீது பாரு. சாவிய ஆட்டோவுக்குத் திருப்பு."

திருப்பினாள்.

"புது மிஷினு. கற்பூரம் ஏத்தாம ஓட்டக் கூடாது. ரேக் மேல கீது."

ஆயுத பூஜைக்கு எல்லா ஆபீசிலும் செய்கிறதுதானே. ரேக் மேலே குங்குமம் அப்பிய தட்டு, கற்பூரம், தீப்பெட்டி. குச்சியை எடுத்தாள்.

வாசனை கூடியது.

அவள் இன்னும் ஏற்றவே இல்லை.

கதவு இடிபட்டது.

"உள்ளே யாரும்மா? கற்பூர வாசனை வருது, தெற."

எலக்ட்ரீஷியன் மணிவேல் குரல். கைப்பிடியைத் திருகினாள். அசையவில்லை. வெளிப்பக்கமில்லை, உள்பக்கமே யாரோ நின்று பிடித்துக்கொண்டிருக்கிற மாதிரி இருந்தது. மணிவேல் கடப்பாரை போட்டு நெம்பி உள்ளே வந்தார். முதலில் அவள் கையிலிருந்த குச்சியைப் பிடுங்கினார். அப்புறம் சாவியைப் பழையபடி திருப்பினார்.

"புத்தி கீதா உனக்கு? சாவி ஆட்டோவுல இருந்தா, புகை பட்டதும் அந்தப் பொட்டி தானா கேஸ் விடும். நெருப்பும் அணையும், ஆளும் அணைவான். உனக்கு முன்னாடி இருந்த தணிகைவேலு, ஆயுத பூஜைக்குக் கற்பூரம் ஏத்திட்டு இங்கியே செத்தான். கதவு தெறக்கல. உங்கிட்ட யாரும் சொல்லலியா?"

"சாட்டுல ஒருத்தர்தான் அண்ணா, ஏத்தச் சொன்னாரு."

"எந்த சாட்டு? ரோடு நோண்டறவன் கேபிளை அறுத்துட்டான். காலையிலேர்ந்து நெட்டே இல்ல."

அவள் திரையைப் பார்த்தாள். சாட்டில் ஒரு வரிகூட இல்லை.

கேபிளை ஒட்டினார்கள், ரிசல்ட் ஏறியது, டைரக்டர் வாயை மூடிக்கொண்டார். கதவைத் திறந்து வைத்துக்கொண்டுதான் ஹரிப்ரியா வேலை பார்த்தாள். அந்தச் சாட் பக்கத்தை மறுபடி திறக்கவே இல்லை.

அடுத்த வாரம் தமிழரசு ஃபோன் பண்ணினான். அவளோடு படித்தவன், குடிபாலாக்காரன், சித்தூரில் ஒரு காலேஜில் இதே வேலை.

"ஹரி, சர்வர் ஏறிடுச்சு. நீ மட்டும் சாட்டுல சொல்லித் தரலன்னா இன்னிக்கி என் மானம் போயிருக்கும்."

"நான் எங்கடா சொன்னேன்?"

"ரொம்பப் பண்ணாத. உன் பேர்லதான வந்துச்சு. காலையிலேர்ந்து எவ்ளோ பொறுமையா அனுப்பினே. எல்லாம் ஆச்சு. கதவைச் சாத்திட்டேன், சாவியும் திருப்பிட்டேன். பூஜை ஒண்ணுதான் பாக்கி."

"தமிழு, கதவைத் தெற."

"இரு, ஃபோனை ஸ்பீக்கர்ல போடறேன். ரெண்டு கையும் வேணும்."

குச்சி உரசுகிற சத்தம் கேட்டது.